பன்னிரண்டாம் நாளைத் தாண்டிய குஞ்சுகள்

நாவற்குடாவில் வாவிக்கரையோரமாக ஒரு மீன்குஞ்சுப் பொரிப்பகம் இருப்பதே எனக்குத் தெரியாது. காற்றடிக்கும் மோட்டர் நின்றுவிட்டது, உடனே வரமுடியுமா என்று ஒரு பெண்பிள்ளை போனில் கேட்டபோதுதான் தெரிந்துகொண்டேன். புளியந்தீவில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் பறங்கிக் குடும்பங்களில் பலரையும்போல என் அப்பா தச்சு வேலை செய்தவர். நான் மரத்தை விட்டு இரும்புக்கு வந்தவன். தண்ணீர்ப் பம்பு, தையல் மெஷின், அரிசி ஆலை மோட்டர், எது வந்தாலும் பிரித்துப் போட்டுவிடுவேன். மீனைப் பொறுத்தவரை, பொரித்த பிறகு அது எப்படி இருக்கும் என்பது மட்டுமே எனக்குத் தெரியும். மீன் முட்டையும் பொரிக்கும் என்பதை அன்றுவரை நான் நினைத்துப் பார்த்ததில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பிள்ளை ஒரு பெரிய கறுப்புத் தொட்டியின் பக்கத்தில் நின்று, பிளாஸ்டிக் குவளையால் தண்ணீரை மெல்ல அள்ளுவதும் மெல்ல ஊற்றுவதுமாக இருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கியிருந்தது. அதைத் துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை. மோட்டர் இருக்கும் மூலையைத் தாடையால் காட்டினாள். பெயாரிங் போயிருந்தது. மாற்றிப் போட்டு ஓடவிட அரை மணித்தியாலத்துக்குமேல் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அந்தக் குவளை நிற்கவில்லை. தண்ணீருக்குள் திரும்பவும் காற்றுக்குமிழ்கள் எழும்பத் தொடங்கிய பிறகுதான் நிலத்தில் உட்கார்ந்தாள்.

தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. வெறும் தண்ணீருக்கா இந்தப் பாடு என்று நான் நினைத்தது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கண்ணாடித் தம்ளரில் கொஞ்சம் அள்ளி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினாள். முதலில் தூசி என்றுதான் பட்டது. பிறகு அந்தத் தூசிகளில் ஒவ்வொன்றுக்கும் இரண்டிரண்டு கறுப்புப் புள்ளிகள் இருப்பதைக் கண்டேன். அவை கண்கள். கொடுவா மீன் குஞ்சுகள், பொரித்து மூன்று நாள். வாய் இன்றைக்குத்தான் திறந்தது என்று அவள் சொன்னாள். வீட்டில் ஒரு பிள்ளை முதல் அடி வைத்ததைச் சொல்லும் குரல் அது.

அவள் பழுகாமத்து வேளாண்மைக் குடும்பத்துப் பிள்ளை. விலங்கியல் படித்துவிட்டு, தன் நண்பர்கள் இருவர் சேர்ந்து தொடங்கிய இந்தப் பொரிப்பகத்தைத் தனியாகப் பார்த்துவந்தாள். வெளியூரிலிருந்து அன்றைக்குப் பொரித்த குஞ்சுகளைப் பையில் ஒட்சிசன் அடைத்துக் கொண்டுவருவார்கள். அவற்றை விரலளவு வளர்த்து, வாவியில் வலைக்கூடு கட்டி மீன் வளர்ப்பவர்களுக்குக் கொடுப்பது அவளுடைய வேலை. மோட்டர் சரியா என்று பார்க்க மறுநாளும் போனேன். மூன்றாம் நாளும் போனேன். நாலாம் நாள் போனதற்கு மோட்டர் காரணம் இல்லை.

குஞ்சு பிறக்கும்போது வயிற்றில் கொஞ்சம் மஞ்சட்கரு ஒட்டியிருக்கும். அதில் இரண்டு மூன்று நாள் ஓடும். அது தீர்வதற்குள் அதன் வாய்க்குள் போகக்கூடிய சாப்பாடு அதன் மூக்குக்கு முன்னால் நீந்திக்கொண்டிருக்க வேண்டும். சாப்பாட்டுக்கும் உயிர் இருக்க வேண்டும். அசையாத எதையும் அது தொடாது. அந்த வாய்க்கு அளவான சாப்பாட்டின் பெயர் ரொட்டிபர் என்றாள். நான் ரொட்டி என்று விளங்கிக்கொண்டு, அவ்வளவு சின்னதாக யார் சுடுவது என்று கேட்டேன். அவள் சிரித்து முடிக்க நேரம் எடுத்தது. பிறகு நுணுக்குக்காட்டியில் காட்டினாள். ஒரு சொட்டுத் தண்ணீருக்குள் சின்னச் சின்னக் குடுவைகள், வாயோரத்து மயிர்களைச் சக்கரம்போலச் சுழற்றிக்கொண்டு ஓடின. அவற்றுக்குச் சாப்பாடு, ஜன்னலோரம் வரிசையாக வைத்திருந்த பெரிய போத்தல்களில் வளரும் பச்சைத் தண்ணீர். வெயிலில் பாசி வளர்கிறது, பாசியை ரொட்டிபர் தின்கிறது, ரொட்டிபரைக் குஞ்சு தின்கிறது. இந்த வரிசையில் மனுசர் செய்யவேண்டியது ஒன்றும் பெரிதாக இல்லை என்று எனக்குப் பட்டது.

அப்போது மார்கழி மழை பிடித்தது. ஒரு கிழமையாக வானம் திறக்கவில்லை. போத்தல்களில் பச்சை வெளிறி, அடியில் கஞ்சிபோலப் படிந்தது. வேறு வழியில்லாமல் அவள் ரொட்டிபர்களுக்குப் பாண் மாவுக்குப் போடும் ஈஸ்டைக் கரைத்துக் கொடுத்தாள். அவை அதையும் தின்று நன்றாகவே பெருகின. குஞ்சுகளும் அவற்றைத் தின்றன. வயிறு நிறைந்து, வெளிச்சத்தில் பார்த்தால் குடல் உருண்டையாகத் தெரிந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது. அவளுக்குத் திருப்தி இல்லை. குஞ்சுகள் வளர்ந்த அளவு போதாது என்று நாளுக்கு நாள் சொல்லிக்கொண்டேயிருந்தாள்.

பன்னிரண்டாம் நாள் பின்னேரம், தொட்டிக்கு மேலே காற்றுக் குழாயை இறுக்கிக்கொண்டிருந்தேன். கையிலிருந்த ஸ்பனர் நழுவித் தொட்டி விளிம்பில் அடித்து நிலத்தில் விழுந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. குனிந்து எடுத்துவிட்டு நிமிர்ந்தபோது, தண்ணீருக்குள் குஞ்சுகள் ஒவ்வொன்றாகச் சுழன்று, விறைத்து, அடிக்குப் போய்க்கொண்டிருந்தன. நான் என்ன செய்வதென்று தெரியாமல் ஸ்பனரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். பத்து நிமிடத்தில் தொட்டியின் அடி நரைத்துப்போயிற்று.

அவள் வந்து பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த ஸ்பனரை வாங்கி மேசையில் வைத்தாள்.

"இது உங்களால இல்ல அங்கிள். நல்லாச் சாப்பிட்ட குஞ்சு இந்தச் சத்தத்துக்குச் சாகாது."

"வயிறு நிறையத்தானே மகள் தின்டதுகள். நான் கண்ணால கண்டனே."

"ரொட்டிபர் ஒரு வெறும் பை மாதிரி. பைக்குள்ள நாம என்ன போடுறமோ, அதத்தான் குஞ்சு தின்னுது. நான் ஈஸ்டப் போட்டன். குஞ்சுக்குத் தேவையான கொழுப்பு அதுக்குள்ள இல்ல."

அந்தக் கொழுப்பை மீன்குஞ்சு தானாக உண்டாக்கிக்கொள்ளாது என்று விளக்கினாள். கடலிலும் வாவியிலும் கண்ணுக்குத் தெரியாத பாசிதான் அதைச் செய்கிறது. பாசியைத் தின்னும் பூச்சிக்குள் அது போகிறது, பூச்சியைத் தின்னும் குஞ்சின் மூளைக்கும் கண்ணுக்கும் நரம்புக்கும் போய்ச் சேருகிறது. சங்கிலியின் முதல் கண்ணி அறுந்தால் கடைசிக் கண்ணியில்தான் தெரியும். நான் இரும்பு வேலைக்காரன். அது எனக்கு உடனே விளங்கியது. ஆனாலும் அந்த நத்தார் பண்டிகை எனக்கு ருசிக்கவில்லை. வீட்டில் எல்லோரும் பாடிக்கொண்டிருக்க, நான் விறைத்துப்போன குஞ்சுகளை நினைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி இரண்டு தடவை என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

புது வருடம் பிறந்ததும் அடுத்த குஞ்சுகள் வர இருந்தன. மழை விட்டபாடில்லை. பச்சைத் தண்ணீரை நம்பியிருக்க முடியாது. அவள் தன் பழைய பாடக் கொப்பிகளைக் கிண்டி ஒரு வழி கண்டுபிடித்தாள். மீனெண்ணெயையும் முட்டை மஞ்சட்கருவையும் ஈஸ்டோடு சேர்த்து நன்றாக அடித்து, குஞ்சுகளுக்குக் கொடுப்பதற்குச் சில மணித்தியாலம் முன்னால் ரொட்டிபர்களுக்கு ஊட்டிவிடுவது. வெறும் பையை நிரப்பி அனுப்புவது, அவ்வளவுதான்.

மீனெண்ணெய்க் குளிசை வாங்க இருவருமாகப் பார்மசிக்குப் போனோம். நாங்கள் கேட்ட அளவைக் கண்டு பார்மசிக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, யாருக்கு உடம்பு வருத்தம் என்று கேட்டார். பிள்ளைகளுக்கு என்றாள் அவள். எத்தனை பிள்ளைகள் என்றார். இன்னும் எண்ணவில்லை என்று அவள் முகம் மாறாமல் சொன்னாள். நான் வாசலுக்கு வந்து சிரித்தேன்.

குளிசைகளை ஊசியால் குத்தி எண்ணெயைப் பிழிந்து எடுத்தாயிற்று. அடிப்பதற்கு ஒரு பிளெண்டர் வேண்டும். என் வீட்டில் இருந்தது. என் மனைவி அதில்தான் லவ் கேக்குக்கு முந்திரிப்பருப்பு அரைப்பாள். வேறு எதற்கும் யாரையும் தொட விடமாட்டாள். அவள் மாதா கோயிலுக்குப் போன நேரம் எடுத்துக்கொண்டு போய், வேலை முடிந்ததும் தேசிக்காயும் சவர்க்காரமும் போட்டுக் கழுவி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். மூன்று தடவை மோந்தும் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் காலை பொரிப்பகத்தில் நாங்கள் இருவரும் ஒரு வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நாங்கள் அடித்து வைத்த கலவை பிரிந்துவிட்டது. எண்ணெய் மேலே மிதந்தது, மஞ்சட்கரு கட்டிகட்டியாக அடியில் கிடந்தது. இதை ஊற்றினால் தொட்டி முழுவதும் எண்ணெய்ப் படலம் படர்ந்து குஞ்சுகளுக்கு மூச்சுத் திணறும். என்ன பிழை விட்டோம் என்று பேசிக்கொண்டிருக்கும்போது வாசலில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. என் மனைவி இறங்கினாள். கையில் ஒரு சீலைப்பை. பைக்குள் பிளெண்டர்.

ஒரு ஞானஸ்நான வீட்டுக்குக் கேக் செய்ய அன்று காலையில் முந்திரிப்பருப்பை எடுத்திருக்கிறாள். மூடியைத் திறந்தவள் அப்படியே மூடிவிட்டு ஓட்டோ பிடித்திருக்கிறாள். மூடியின் ரப்பர் வாசர் இடுக்கில் எண்ணெய் ஒட்டியிருப்பதை என் மூக்கு கண்டுபிடிக்கவில்லை. அவள் மூக்கு கண்டுபிடித்துவிட்டது. நத்தாரிலிருந்து நான் எதையோ யோசித்துக்கொண்டு எங்கேயோ போய்வருவதற்கும் இந்த நாற்றத்துக்கும் என்ன தொடர்பு என்று நேரில் பார்க்க வந்திருந்தாள்.

நான் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன். அவள் பாதியில் என்னை விட்டுவிட்டு வாளியைப் பார்த்தாள்.

"இத ஆர் அடிச்ச?"

நான் பிள்ளையைக் காட்டினேன், பிள்ளை என்னைக் காட்டினாள்.

"எண்ணெய் முழுக்க ஒரேயடியா ஊத்தினீங்களா?"

"ஓம் அன்டி," என்றாள் பிள்ளை.

"அப்படி ஊத்தினா பிரியாம என்ன செய்யும்? முதல்ல மஞ்சக்கருவ மட்டும் ஓடவிடணும். மறுகா எண்ணெய், சொட்டுச் சொட்டா."

பையிலிருந்து பிளெண்டரை எடுத்து மேசையில் வைத்து, பிளக்கைக் குத்தினாள். இது இனிக் கேக்குக்கு ஆகாது, எதற்காவது உதவட்டும் என்றாள். ஞானஸ்நான வீட்டுக்கு முந்திரிப்பருப்பைத் தங்கையின் பிளெண்டரில் அரைப்பதாகவும், அதன் காரணத்தைத் தங்கையிடம் நான்தான் சொல்லவேண்டும் என்றும் தீர்ப்பு வந்தது. பிறகு புது முட்டை உடைத்து, மஞ்சட்கருவைப் பிரித்து, மெதுவாக ஓடவிட்டு, ஒரு கரண்டி நுனியால் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். எங்கள் வீட்டு விசேசங்களுக்கு மயோனேஸ் அடிக்கும் அதே கை. கலவை வெளிறி, தடித்து, கட்டிப்பால்போல வந்தது. அதில் ஒரு கரண்டி எடுத்து ஒரு தம்ளர் தண்ணீரில் விட்டாள். புகைபோலப் பரவியது, மேலே ஒரு துளி எண்ணெய்கூட மிதக்கவில்லை. பிள்ளை அந்தத் தம்ளரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

ரொட்டிபர்களுக்கு அதை ஊட்டிவிட்டுப் பின்னேரம்வரை காத்திருந்தோம். என் மனைவி வீட்டுக்குப் போகவில்லை. நுணுக்குக்காட்டியில் முதலில் பிள்ளை பார்த்தாள், பிறகு நான். ஒவ்வொரு குடுவைக்குள்ளும் சின்னச் சின்ன எண்ணெய்த் துளிகள் மினுங்கின. என் மனைவி கண்ணை வைத்தவள் எடுக்கவேயில்லை. நீண்ட நேரத்துக்குப் பிறகு, இதுகள் இப்படி வாயை ஆட்டிக்கொண்டே கிடக்கின்றனவே, ஓய்வே இல்லையா என்று கேட்டாள். ஓய்வே இல்லை என்று பிள்ளை சொன்னதும், அப்படியென்றால் நன்றாகச் சாப்பிடட்டும் என்றாள்.

அன்றிலிருந்து நாங்கள் மூன்று பேர். புதுக் குஞ்சுகளும் வந்து சேர்ந்தன. காலையில் என் மனைவி கலவை அடிப்பாள். பிள்ளை ரொட்டிபர்களை மெல்லிய வலைத்துணியில் வடித்துக் கழுவித் தொட்டிக்கு விடுவாள். எவ்வளவு கழுவினாலும் தண்ணீரின் மேல் கொஞ்சம் எண்ணெய் படரத்தான் செய்தது. இந்தப் பருவத்துக் குஞ்சு ஒரு தடவையாவது மேலே வந்து ஒரு மிடறு காற்று குடித்தால்தான் அதன் நீச்சல் பை விரியும், படலம் இருந்தால் அது முடியாது என்று பிள்ளை கவலைப்பட்டாள். இது என் பங்கு. பிளாஸ்டிக் பைப்பில் ஒரு சதுரம் செய்து மிதக்கவிட்டு, ஒரு பக்கத்திலிருந்து மெல்லிய காற்று அடிக்கும்படி குழாய் வைத்தேன். படலம் முழுவதும் அந்தச் சதுரத்துக்குள் ஒதுங்கியது. காகிதத்தால் ஒற்றி எடுத்துவிடலாம். என் வாழ்க்கையில் நான் செய்த எந்த மோட்டரையும் யாரும் அவ்வளவு புகழ்ந்ததில்லை.

குஞ்சுகள் வளர்ந்தன. அதைச் சொல்வதற்கு எனக்கு அளவுகோல் தேவைப்படவில்லை. முதல் தடவை பத்தாம் நாளிலும் தூசியாகத் தெரிந்தவை, இந்தத் தடவை ஏழாம் நாளே மீன் என்று தெரிந்தன. வாலை ஆங்கில எழுத்து எஸ் போல வளைத்து, ரொட்டிபரைக் குறிபார்த்து, சட்டென்று பாய்ந்து பிடிக்கும். சில தவறவிடும், தவறவிட்டது ஒன்றும் நடக்காததுபோல வேறு பக்கம் திரும்பும். என் மனைவி அப்படி ஒன்றைக் கண்டால் என்னைப் பார்ப்பாள்.

பன்னிரண்டாம் நாள் தைப்பொங்கலன்று வந்தது. பழுகாமத்தில் வீட்டில் எல்லோரும் பொங்கலுக்குக் காத்திருக்க, பிள்ளை போகமாட்டேன் என்றுவிட்டாள். அவளைத் தனியே விட மனமில்லாமல் நாங்களும் காலையிலேயே போனோம். அன்றைக்கு நான் ஸ்பனரைத் தொடவேயில்லை; செருப்பைக்கூட வாசலில் கழற்றிவிட்டுப் பூனைபோல நடந்தேன். பக்கத்து வீட்டில் பொங்கல் வைப்பதை நாங்கள் மறந்திருந்தோம். பானை பொங்கியதும் அவர்கள் மதிலோரமாகச் சீன வெடி கொளுத்தினார்கள். ஒரு கோர்வை முழுவதும் வெடித்தது. கூரைத் தகரம் அதிர்ந்தது. பிள்ளை இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

நான் தொட்டியைப் பார்த்தேன். குஞ்சுகள் அத்தனையும் ஒரே வீச்சில் அடிக்குப் போய்விட்டன. பிறகு ஒன்று மேலே வந்தது. அதன் பின்னால் ஒன்று, பிறகு ஒரு கூட்டம். வந்தவை வந்த கையோடு சாப்பாட்டைத் தேடிப் பாயத் தொடங்கின.

"கையை எடுங்க மகள்," என்றேன். "திங்கிதுகள்."

அவள் கையை எடுத்துப் பார்த்தாள். ஒரு கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாத மாதிரி கொஞ்ச நேரம் இருந்தாள். என் மனைவி வெடி கொளுத்தியவர்களோடு சண்டைக்குப் போவதற்காக வெளியே போனவள், வாழையிலையில் மூன்று பேருக்குப் பொங்கலோடு திரும்பி வந்தாள்.

அதன் பிறகும் வேலை குறையவில்லை. ரொட்டிபர் போதாத வயது வந்ததும், டின்னில் வரும் உப்பு இறால் முட்டைகளைப் பொரிக்கவைத்துக் கொடுத்தோம். அதைத் தின்ற குஞ்சுகளின் வயிறு செம்மஞ்சளாகத் தெரிந்தது. தொட்டி முழுவதும் சின்ன விளக்குகள் நீந்துவதுபோல இருக்கும். பிறகு அவை ஒன்றையொன்று தின்னத் தொடங்கின. கொடுவாவின் குணம் அது. கொஞ்சம் பெரிதாக வளர்ந்தது தன் வாய்க்கு அடங்கும் சகோதரனை விட்டுவைக்காது. பிளாஸ்டிக் கூடைகளில் அளவு அளவாகத் துளையிட்டுக் கொடுத்தேன். அவற்றால் வடித்து, பெரியது ஒரு தொட்டி, சின்னது ஒரு தொட்டி என்று மாற்றிக்கொண்டேயிருந்தோம். ஒன்றின் வாயில் இன்னொன்றின் வால் தொங்கக் கண்டபோது, என் மனைவி நீண்ட நேரம் அதற்குப் புத்தி சொன்னாள்.

மாசியில் அவை விரலளவு வந்துவிட்டன. தலையில் ஒரு வெள்ளைக் கோடு, கண்ணில் ஒரு செம்பொன் மினுக்கம். பழுகாமத்துப் பக்கம் வாவியில் கூடு வைத்திருந்த மீனவர்கள் சிலர் முதலில் கேட்டிருந்தார்கள். பைகளில் ஒட்சிசன் அடைத்து, வான் ஒன்றில் ஏற்றி, அந்தக் கரைக்குக் கொண்டுபோய்த் தோணிக்கு மாற்றினோம். வயல் வட்டையில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. பிள்ளையின் அப்பா வைக்கோல் தூசி ஒட்டிய உடம்போடு நேரே கரைக்கு வந்து, எங்களோடு தோணியில் ஏறிக்கொண்டார். அதிகம் பேசாத மனுசன். மகள் ஏன் பொங்கலுக்கு வரவில்லை என்பதைப் பார்க்கவேண்டும் என்று மட்டும் சொன்னார்.

கூட்டுத் தண்ணீரில் பைகளைக் கொஞ்ச நேரம் மிதக்கவிட்டு, சூடு சமமானதும் பிள்ளை ஒவ்வொன்றாக வாய் அவிழ்த்தாள். குஞ்சுகள் ஒரு கணம் பையின் வாசலிலேயே நின்றன. பிறகு போய்விட்டன. கூட்டின் வலையோரம் வாவியின் கூனி இறால்கள், கண்ணாடித் துண்டுகள்போல, கூட்டமாகத் துள்ளிக்கொண்டிருந்தன. நாங்கள் ஊட்டாத, அடிக்காத, வடிக்காத சாப்பாடு அது. ஒரு குஞ்சு அதன் முன் வந்து நின்றது, வாலை வளைத்தது, பாய்ந்தது. பிடித்துவிட்டது.

"இஞ்ச பாருங்க," என்று என் மனைவி என் தோளைப் பிடித்து அழுத்தினாள். தோணி சாய்ந்தது, மீனவர் ஒருவர் எங்களை உட்காரச் சொல்லி அதட்டினார்.

பிள்ளையின் அப்பா குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். வயல்காரர், தண்ணீரின் நிறத்தைப் பார்க்கத் தெரிந்தவர். இந்த வருசம் தண்ணீரில் பச்சை நன்றாகத்தான் பிடித்திருக்கிறது, பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுக்குக் குறை வராது என்று சொன்னார். மகள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பசிக்கவில்லையா, வீட்டில் புது அரிசிச் சோறும் தயிரும் இருக்கிறது என்றார்.

தோணியைக் கரைக்குத் திருப்பினார்கள். அன்று மத்தியானம் அவர்கள் வீட்டில் நான் மூன்று தடவை சோறு வாங்கினேன். என் மனைவி நாலு.